காபைட் முனை எவ்வளவு தாங்கும்: வெடிப்பை அளந்து கணிக்கும் முறை

வவுனியாப் பக்கம் கருங்கல்லுக்குள் குழாய்க்கிணறு இறக்குபவர்கள், கல் குவாரியில் வெடிக்குத் துளை போடுபவர்கள், ஏ-9 வீதியோரம் லேத் வைத்திருப்பவர்கள் எல்லாரிடமும் ஒரே முறைப்பாடு உண்டு: முனை புதுசு, தேயவும் இல்லை, ஆனால் உடைந்துவிட்டது. முனை என்பது இங்கே காபைட், அதாவது தங்குதன் காபைட் மணிகளைக் கோபால்ட்டால் பிணைத்த பொருள். விற்றவர் நீட்டும் தாளில் கடினம் எவ்வளவு என்று மட்டும் இருக்கும். கடினம் தேய்மானத்தைப் பற்றிச் சொல்லும், உடைவைப் பற்றிச் சொல்லாது. உடைவைச் சொல்வது முறிவுத் தாங்குதிறன் என்ற இன்னொரு எண். ஏற்கெனவே உள்ள ஒரு கீறல் எவ்வளவு இழுவிசை வரும்வரை ஓடாமல் நிற்கும் என்பதுதான் அதன் பொருள். அலகு மெகாபாஸ்கல் வர்க்கமூல மீற்றர்; சுருக்கமாக மெ.பா.√மீ. என்று எழுதுவோம்.

இந்த எண்ணின் பலத்தை ஒரு கணக்கில் பார்க்கலாம். முனையின் மேற்பரப்பில் 50 மைக்ரோன் ஆழத்துக்கு ஒரு கீறல் இருக்கிறது என்று வையுங்கள். தாங்குதிறன் 10 ஆக உள்ள காபைட் சுமார் 710 மெகாபாஸ்கலில் அந்தக் கீறலிலிருந்து உடையும். தாங்குதிறன் 13 என்றால் சுமார் 925 வரை நிற்கும். கீறல் ஒன்றுதான், ஆனாலும் ஒரு முனை தாங்கும், மற்றது போய்விடும்.

வவுனியா நிற்பது வன்னித் தொகுதி என்று புவிச்சரிதவியலாளர் பெயரிட்ட மிகப் பழைய பளிங்குருப் பாறைகளின் மேல். கிளிநொச்சிக்கு வடக்கே போனாலும் மன்னார்க் கரைக்குப் போனாலும் மயோசீன் காலச் சுண்ணக்கல் வருகிறது. இரண்டுக்கும் ஒரே தர முனை பொருந்தாது. கருங்கல்லின் குவார்ட்ஸ் முனையை அராவித் தேய்க்கும். சுண்ணக்கல் அவ்வளவாகத் தேய்க்காது. அதனால் பட்டனின் (துளையிடும் பிட்டில் பதித்த காபைட் குமிழின்) மேற்பரப்பு புதுப்பிக்கப்படாமல் சூடேறி ஆறி, பாம்புச் செட்டை போல வெடிப்பு வலை கட்டும். தேயாத முனைதான் திடீரென்று உடையும். ஆகவே முனையை வாங்குமுன் இரண்டு எண்ணையும் கேளுங்கள். தாளில் இல்லையென்றால் அளந்து பார்க்க வழி இருக்கிறது.

எந்தப் பொருளுக்கு எந்த முறை

கோபால்ட் பிணைத்த தங்குதன் காபைட்டுக்குப் பால்ம்குவிஸ்ட் முறை. வைரப் பிரமிட்டை 30 கிலோகிராம் விசையில் பதித்து, குழியின் நான்கு மூலையிலிருந்தும் ஓடும் வெடிப்பின் நீளத்தை அளப்பது. சுவீடனைச் சேர்ந்த பால்ம்குவிஸ்ட் 1957இல் முன்வைத்தது, இன்று ஐ.எஸ்.ஓ. 28079 என்ற நியமமாக 2009 முதல் இருக்கிறது. பெரிய மாதிரி வேண்டாம், உடைந்த பட்டனின் துண்டே போதும். இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

அலுமினா, சிலிக்கன் நைத்திரைட்டு போன்ற பீங்கான் முனைகளுக்கும் குழி பதித்துப் பார்க்கலாம். ஆனால் அதில் வரும் எண்ணை ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். காரணம் பின்னால் வருகிறது. ஹைஸ்பீட் ஸ்டீலுக்கு இந்த வழியே கிடையாது. குழி விழும், மூலையில் வெடிப்பு வராது. வெடிப்பு இல்லையென்பதால் தாங்குதிறன் எல்லையற்றது என்று எழுதி வைத்த ஆய்வுக்கூடப் பயிற்சிக் கொப்பிகளும் உலகில் உண்டு.

இயந்திரம் கேட்கப் போகும்போது

வைரப் பிரமிட்டைப் பதித்துக் கடினம் அளக்கும் விக்கர்ஸ் கடினமானி வேண்டும், அதுவும் பெரிய சுமை தருவது. அறிவியல் நகரிலுள்ள யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் போன்ற இடத்தில் விசாரிக்கும்போது "விக்கர்ஸ் இருக்கிறதா" என்று மட்டும் கேட்டால் போதாது. 30 கிலோகிராம் விசை வருமா, 50 அல்லது 100 வரை ஏற்றலாமா, குழியைப் பார்க்கும் நுணுக்குக்காட்டி 500 மடங்கு பெருக்குமா என்று கேளுங்கள். பல இடங்களில் இருப்பது 1 கிலோவோடு நின்றுவிடும் நுண்கடினமானி. அந்தச் சுமையில் காபைட்டில் 35 மைக்ரோன் குழி விழும். அளக்கத்தக்க வெடிப்பு வராது. றொக்வெல் இயந்திரமும் உதவாது. அதன் வைரம் கூம்பு, மூலையே இல்லை. அதோடு 150 கிலோ சி அளவுகோலைக் காபைட்டில் போட்டால் கூம்பின் நுனி பறக்கும் வாய்ப்பு அதிகம். காபைட்டுக்கு 60 கிலோ ஏ அளவுகோல் வைத்திருப்பதே அதனால்தான்.

இயந்திரம் சீமெந்துத் தரையில் நேராக நிற்க வேண்டும். பக்கத்தில் ஜெனரேற்றர் ஓடினால் நிறுத்திவிட்டுப் பதியுங்கள்.

மாதிரி எடுத்தல்

துளையிடும் பிட்டின் பட்டன் உருக்கு உடலில் இறுக்கிப் பதித்தது. அதைக் கழற்றக் காஸ் வெல்டிங் சுவாலை பிடிக்காதீர்கள். 600 பாகை செல்சியசைத் தாண்டினால் காற்றில் காபைட் ஒட்சியேறத் தொடங்கும். சமனில்லாத சூட்டில் புதிய வெடிப்பும் விழும். மெல்லிய வெட்டுத்தட்டு போட்ட கிறைண்டரால் சுற்றியுள்ள உருக்கை மட்டும் வெட்டிப் பட்டனை விடுவியுங்கள். தட்டு காபைட்டைத் தொட வேண்டாம்.

பிறகு பட்டனின் குவிந்த தலைக்குக் கீழே, உடற்பகுதியில், 5 அல்லது 6 மி.மீ. தடிப்பில் ஒரு வில்லை எடுக்க வேண்டும். நல்ல கருவி, நிமிடத்துக்கு 200 முதல் 300 சுற்று ஓடும் மெல்லிய வைர வெட்டுத்தட்டு, தண்ணீர் ஓடியபடி. அது இல்லாத இடத்தில் ஓடு வெட்டும், இடைவெளி இல்லாத விளிம்புள்ள வைரத்தட்டும் வேலை செய்யும். தண்ணீரோடு, அழுத்தாமல், நேரம் எடுத்து வெட்ட வேண்டும். அதன் சேதம் ஆழமானது என்பதால் அரைக்கும்போது அரை மில்லிமீற்றர் எடுத்துவிடுங்கள். மின்பொறியால் வெட்டும் வயர் கட் இயந்திரத்தில் வெட்டினால் மேலே உருகி உறைந்த தோல் ஒன்று இருக்கும், அதற்குள் நுண்வெடிப்புகளும் இருக்கும். எந்த வழியில் வெட்டினாலும் 0.2 மி.மீ.க்குக் குறையாமல் அரைத்து நீக்குவது விதி.

தூசு விடயத்தில் கவனம். காபைட்டும் கோபால்ட்டும் கலந்த தூசு நுரையீரலில் தழும்பு கட்டும் நோயைத் தருவது நன்கு அறியப்பட்டது. துணியை மூக்கில் கட்டுவது போதாது. ஈரமாக வெட்டுங்கள், துகள் வடிகட்டும் முகமூடி போடுங்கள், தரையில் காய்ந்த சேற்றைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

அரைத்தலும் மினுக்கலும்: எண் இங்கேதான் பிழையாகும்

பால்ம்குவிஸ்ட் முறையில் குழி பதிப்பது ஒரு நிமிட வேலை. அதற்கு முந்திய வேலைக்கு அரை நாள் போகும். அந்த அரை நாளைக் குறைத்தவர் எடுக்கும் எண் பொய்யாக உயரும், காரணம் இதுதான்: அரைக்கும்போது மேற்பரப்பில் அமுக்கத் தகைப்பு ஒன்று தேங்குகிறது. அந்த அமுக்கம் வெடிப்பின் வாயை மூடிப் பிடிக்கிறது. வெடிப்பு குறுகும், கணக்கில் தாங்குதிறன் கூடும். எக்ஸ்னர் என்ற ஆய்வாளர் 1969இலேயே இதை விளக்கமாகக் காட்டினார். பாவனையாளர் இன்றும் விழும் குழி இதுதான், அதுவும் எப்போதும் தனக்குச் சாதகமான பக்கத்தில் விழுவதால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

அரைக்க உலோகப் பிணைப்பு அல்லது ரெசின் பிணைப்பு வைரத்தட்டு எடுங்கள். சிலிக்கன் காபைட் உப்புத்தாள் சில விநாடியில் மழுங்கும். காபைட் மணிகளை வெட்டாமல் இடையிலுள்ள கோபால்ட்டைத் தோண்டும். பெஞ்ச் கிறைண்டரிலுள்ள பச்சைக் கல்லில் உலர்வாகத் தேய்த்தால் சூட்டு வெடிப்பு விழும், அந்தத் துண்டை வீசிவிடலாம்.

வைரப் பசைக்குக் கொழும்பின் ஆய்வுக்கூட விநியோகத்தரை மட்டும் நம்ப வேண்டியதில்லை. இரத்தினபுரியிலும் பேருவளையிலும் மாணிக்கம் பட்டை தீட்டுபவர்கள் பாவிக்கும் வைரத்தூளே இது. அவர்கள் கண்ணி எண்ணால் சொல்வார்கள்: 1800 என்றால் ஏறத்தாழ 9 மைக்ரோன், 3000 என்றால் 6, 8000 என்றால் 3, 14000 என்றால் 1. ஒலிவ் எண்ணெய் போன்ற மெல்லிய எண்ணெயில் குழைத்தால் பசை. துணி மயிர் இல்லாததாக இருக்க வேண்டும். நைலோன் நல்லது; தட்டையான கண்ணாடியில் இழுத்து ஒட்டிய பட்டுத்துணியும் சரி, சரிகை இல்லாத பகுதியாகப் பாருங்கள்.

ஒழுங்கு இப்படி: வைரத்தட்டில் தட்டையாக்கி 0.2 மி.மீ.க்கு மேல் எடுத்தல், பிறகு 9, 3, 1 மைக்ரோன். ஒவ்வொரு படியிலும் மாதிரியைக் கால்வட்டம் திருப்பி, முந்திய படியின் கோடுகள் முற்றாக அழியும்வரை. அழிந்தபிறகும் அதே அளவு நேரம் தொடருங்கள். கோடு அழிந்தாலும் அதன் அடியிலுள்ள தகைப்பு உடனே அழியாது. படிக்குப் படி கையையும் மாதிரியையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஒரு 9 மைக்ரோன் துகள் 1 மைக்ரோன் துணிக்குப் போனால் அந்தத் துணி போச்சு.

கடைசிக் கழுவலுக்கு வன்னிக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். சுண்ணாம்பு கூடிய தண்ணீர், காயும்போது வெள்ளைப் படலம் விடும், அதன் ஓரம் வெடிப்பு நுனியைப் போலத் தெரியும். பற்றரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீரில் கழுவி, ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடைத்து, ஊதி உலர்த்துங்கள். மருந்துக்கடை சேர்ஜிக்கல் ஸ்பிரிட் சிலவற்றில் ஆமணக்கெண்ணெய் சேர்ந்திருக்கும். அது மெல்லிய எண்ணெய்ப் படலம் விட்டுப்போகும்.

தகைப்பு போய்விட்டதா என்று எப்படித் தெரியும்? மிக எளிய சோதனை ஒன்று உண்டு. மினுக்கி, ஒரு குழி பதித்து, வெடிப்பை அளந்து குறித்துவையுங்கள். மீண்டும் 3 மைக்ரோனில் மினுக்குங்கள். விக்கர்ஸ் குழியின் ஆழம் அதன் மூலைவிட்டத்தில் ஏழில் ஒன்று என்பதால் குழியே உங்கள் ஆழமானி: மூலைவிட்டம் 7 மைக்ரோன் சுருங்கினால் 1 மைக்ரோன் எடுத்திருக்கிறீர்கள். பழைய குழி முற்றாக மறைந்தால் ஏறத்தாழ 28 மைக்ரோன் போய்விட்டது. இப்போது வேறிடத்தில் புதுக் குழி பதியுங்கள். வெடிப்பு முன்னையதைவிட நீண்டிருந்தால் முதல் எண் பொய். நீளம் மாறாமல் நிற்கும்வரை இப்படியே போங்கள்.

இன்னொரு சோதனை, 10, 20, 30, 50 கிலோ எனச் சுமையை மாற்றிப் பதித்து, சுமைக்கு எதிரே மொத்த வெடிப்பு நீளத்தை வரைதாளில் குறிப்பது. நேர்கோடு வரும். தகைப்பற்ற மேற்பரப்பில் அந்தக் கோடு ஏறக்குறையத் தொடக்கப்புள்ளி வழியாகப் போகும். சுமை அச்சை நல்ல தூரத்தில் வெட்டினால் அமுக்கம் மிச்சமிருக்கிறது.

வெற்றிட உலை கிடைப்பவர்கள் 800 பாகையில் ஒரு மணித்தியாலம் வைத்து மெதுவாக ஆறவிட்டும் தகைப்பை நீக்கலாம். வெற்றிடம் இல்லாத சாதாரண உலையில் இதைச் செய்தால் மஞ்சள்பச்சைப் பொடிதான் மிஞ்சும்.

பதித்தல்

பேக்லைட் அல்லது இபொக்சியில் பதித்த மாதிரியாக இருந்தால் பின்பக்கத்தையும் அரைத்து, காபைட் நேரடியாக இயந்திரத்தின் இருக்கையில் அமரும்படி செய்யுங்கள். பிளாஸ்ரிக்கின் மேல் நின்றால் 30 கிலோவுக்குச் சற்று அமுங்கும், சாயும். மேற்புறமும் கீழ்ப்புறமும் சமாந்தரமாக இருக்க வேண்டும். சாய்வு இருப்பது குழியிலேயே தெரியும்: இரண்டு மூலைவிட்டமும் 2 சதவீதத்துக்கு மேல் வேறுபடும், அல்லது ஒரு பக்கப் பாதி மட்டும் நீளும்.

முதல் குழி ஒத்திகைக்கு. கணக்கில் சேர்க்க வேண்டாம். பிறகு ஐந்து குழிகள். சுமை 30 கிலோகிராம் விசை, அதாவது 294.2 நியூற்றன். முழுச் சுமையில் 10 முதல் 15 விநாடி. குழிக்குக் குழி 1.5 மி.மீ., விளிம்பிலிருந்தும் அவ்வளவு. அதற்குள் நெருங்கினால் ஒரு குழியின் தகைப்பு மற்றதன் வெடிப்பை இழுத்துவிடும்.

வைர நுனியை இடைக்கிடை நுணுக்குக்காட்டியில் பாருங்கள். எல்லாக் குழியிலும் ஒரே மூலையில் வெடிப்பு நீண்டோ குறுகியோ வந்தால் குற்றம் மாதிரியில் இல்லை. மாதிரியை 90 பாகை திருப்பிப் பதியுங்கள்: நீளமான மூலை மாதிரியோடு சேர்ந்து திரும்பினால் தகைப்பு அல்லது சாய்வு, இயந்திரத்தோடு நின்றால் வைரம் சிதைந்திருக்கிறது.

வெடிப்பை வாசித்தல்

பதித்தவுடனே அளங்கள். குழிக்குப்பின் மினுக்கக் கூடாது; வெடிப்பைக் கூர்மையாக்கிக் காட்டுவதாக நினைத்துக்கொண்டு அதன் ஒரு பகுதியையே தேய்த்து எடுத்துவிடுவீர்கள். 500 மடங்குப் பெருக்கம் வையுங்கள். மூலையிலிருந்து வெடிப்பின் நுனிவரை நேர்கோட்டு நீளம்தான் கணக்கு, இடையில் கோணல்மாணலாக ஓடினாலும்.

நுனியைப் பிடிப்பதுதான் கஷ்டம். கடைசிச் சில மைக்ரோன் மயிரிழைக்கும் மெல்லியது. ஒளியின் துவாரத்தைச் சற்றுக் குறைத்தால் தெளியும். ஒரு துளி அற்ககோல் விட்டுத் துடைத்துவிட்டுப் பார்த்தால், வெடிப்புக்குள் புகுந்தது மெல்லக் கசிந்து வெளியே வரும் வரியே நுனியைக் காட்டிக்கொடுக்கும். கீறலையும் வெடிப்பையும் குழப்ப வேண்டாம்: கீறல் நேராகவும் சமாந்தரமாகவும் போகும், வெடிப்பு மணிகளைச் சுற்றி வளைந்து வளைந்து போகும். கைபேசிக் கமராவைக் கண்வில்லையில் வைத்துப் படம் எடுப்பவர்கள், ஒவ்வொரு முறையும் அளவுகோல் வில்லையையும் அதே நிலையில் படம் எடுக்க வேண்டும். கைபேசி ஒரு மில்லிமீற்றர் தள்ளினாலே அளவு மாறிவிடும்.

ஒரு நுனிக்கு 3 மைக்ரோன் பிழைத்தால் என்னவாகும்? நான்கு வெடிப்பும் சேர்ந்து 300 மைக்ரோன் உள்ள கடின தரத்தில் 4 சதவீதப் பிழை. நீளம் வர்க்கமூலத்துக்குள் போவதால் முடிவில் 2 சதவீதம்தான். ஆனால் பாறைத் துளைக்கு வரும், கோபால்ட் கூடிய, மணி பருத்த தரங்களில் மொத்தம் 120 மைக்ரோன்தான் வரலாம். அங்கே அதே 3 மைக்ரோன் 5 சதவீதமாகும். அப்படிப்பட்ட மாதிரிக்கு 100 கிலோ ஏற்றுங்கள்.

சேர்க்கக் கூடாத குழிகள்: ஏதாவது ஒரு மூலையில் வெடிப்பே இல்லாதது, வெடிப்பு இரண்டாகக் கிளைத்தது, ஓரம் செதிலாகப் பெயர்ந்தது, வெடிப்பு ஒரு துவாரத்தில் போய் முடிந்தது. இரண்டுக்கு மேல் தள்ள வேண்டி வந்தால் மினுக்கலுக்குத் திரும்பிப் போங்கள். நல்ல ஐந்தைப் பொறுக்கியெடுக்கும்வரை பதித்துக்கொண்டே போவது அளவீடு அல்ல.

கணக்கு

முதலில் கடினம், நியூற்றன் சதுர மி.மீ. அலகில்:

கடினம் = 1.8544 × சுமை ÷ (சராசரி மூலைவிட்டம்)²

பிறகு:

தாங்குதிறன் = 0.0028 × √(கடினம் × சுமை ÷ மொத்த வெடிப்பு நீளம்)

சுமை நியூற்றனில், நீளங்கள் மி.மீ.இல். 0.0028 என்ற மாறிலி ஷெட்டி என்ற ஆய்வாளரும் அவரது சகாக்களும் 1985இல் கொடுத்தது. அலகு மாறினால் அது செல்லாது. விக்கர்ஸ் எண்ணை அப்படியே போடுகிறவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு விடை வரும். விக்கர்ஸ் எண்ணை 9.807ஆல் பெருக்கிவிட்டுப் போடுங்கள்.

ஓர் உதாரணம். மூலைவிட்டங்கள் 0.194, 0.192, சராசரி 0.193. கடினம் = 1.8544 × 294.2 ÷ 0.03725 = 14,646; விக்கர்ஸில் சுமார் 1490. வெடிப்புகள் 78, 71, 82, 75 மைக்ரோன், மொத்தம் 0.306 மி.மீ. 294.2 ÷ 0.306 = 961. 14,646 × 961 இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 3752. அதை 0.0028ஆல் பெருக்க 10.5 மெ.பா.√மீ. லேத் வெட்டுளிக்கு இது வழமையான எண். கருங்கல்லில் மோதும் பட்டனுக்குக் குறைவு.

விடையை ஒரு தசமத்தோடு நிறுத்துங்கள். 10.51 என்று எழுதுவதில் நேர்மை இல்லை.

பீங்கான் முனை வந்தால்

அலுமினாவில் 30 கிலோ போட்டால் குழியைச் சுற்றிச் செதில் பெயரும். 5 அல்லது 10 கிலோ போதும். அங்கே வெடிப்பின் வடிவமும் வேறு: காபைட்டில் மூலைக்கு மூலை தனித்தனியாக ஆழமில்லாமல் நிற்பது, பீங்கானில் குழிக்கு அடியால் சேர்ந்து அரைவட்டமாகும். எது என்று சந்தேகமென்றால் சில மைக்ரோன் மினுக்கிப் பாருங்கள். காபைட் வகை வெடிப்பு குழியிலிருந்து கழன்று தனியே நிற்கும், அரைவட்ட வகை ஒட்டியபடியே இருக்கும்.

அரைவட்ட வகைக்கு 1981இல் அன்ஸ்ரிஸ் குழுவினர் கொடுத்த சூத்திரம் பாவிப்பார்கள். அதில் நீளம் குழியின் நடுவிலிருந்து அளக்கப்படுவது, மூலையிலிருந்து அல்ல. இந்த இரண்டையும் மாற்றிப் போட்ட எண்கள் ஏராளமாக உலவுகின்றன. அவர்களது மாறிலியே 0.016, கூடக்குறைய 0.004, அதாவது மாறிலியில் மட்டும் கால்பங்கு நிச்சயமின்மை. 2007இல் குவின், பிராட் என்ற ஆய்வாளர்கள் பீங்கானுக்கு இந்த வழியை விட்டுவிடும்படியே எழுதினார்கள். இரண்டு அலுமினா முனையில் எது மேல் என்று அறிய மட்டும் பாவியுங்கள். ஈரக்காற்றில் பீங்கான் வெடிப்பு பதித்த பின்னும் மெல்ல ஊரும் என்பதால், மாரி காலத்தில் ஒரு துளி எண்ணெய்க்குள் பதித்து உடனே அளப்பது நல்லது.

உண்மையான எண் வேண்டுமென்றால் சட்ட முறைக்கு, அதாவது கோல் போன்ற சட்டத்தில் வெட்டுப் போட்டு வளைத்து உடைக்கும் முறைக்கு, போக வேண்டும்: 3 × 4 × 45 மி.மீ. சட்டம், 3 மி.மீ. அகல முகத்திலிருந்து 4 மி.மீ. உயரத்துக்குள் ஏறத்தாழ 1 மி.மீ. ஆழ வெட்டு. வெட்டை முதலில் மெல்லிய வைரத்தட்டால் போட்டு, பிறகு சவர அலகில் வைரப் பசை தடவி முன்பின் இழுத்து, அடியின் வளைவு ஆரை 10 மைக்ரோனுக்குள் வரும்வரை கூராக்க வேண்டும். முதலில் 6 மைக்ரோன் பசை, கடைசியில் 1. அடி மழுங்கலாக இருந்தால் எண் உயரும், மேலே சொன்ன அரைத்தல் பிழை போலவே. பிறகு வெளி உருளைகள் 40, உள் உருளைகள் 20 மி.மீ. இடைவெளியில் நாற்புள்ளி வளைவில் உடைத்தல், வெட்டு கீழ்ப்பக்கம். வெட்டு சரியாக 1.0 மி.மீ. என்றால் கணக்கு எளிது: உடைத்த விசையின் ஒவ்வொரு 100 நியூற்றனுக்கும் 3.8 மெ.பா.√மீ. 300 நியூற்றனில் உடைந்தால் 11.4. இவ்வளவு சிறிய விசையைச் சீமெந்துக் கட்டி உடைக்கும் இயந்திரத்தில் வாசிக்க முடியாது. 1 அல்லது 2 கிலோநியூற்றன் சுமைமானி வேண்டும். வெட்டின் ஆழத்தை உடைந்த முகத்தில், மூன்று இடத்தில், நுணுக்குக்காட்டியால் அளங்கள்.

எண்ணை வைத்து என்ன செய்வது

எண்ணோடு முறை, சுமை, மினுக்கிய ஒழுங்கு, குழிகளின் எண்ணிக்கை, சிதறல் எல்லாம் எழுதுங்கள்: "பால்ம்குவிஸ்ட், 30 கிலோ, 1 மைக்ரோன் வரை, ஐந்து குழி, 10.5, சிதறல் 0.3". சட்ட முறை எண்ணைக் குழி முறை எண்ணோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டாம்.

பொதுவாகக் காபைட் 7 முதல் 20 வரை, சிலிக்கன் நைத்திரைட்டு 5 முதல் 7, அலுமினா 3 முதல் 4.5. கடினமும் தாங்குதிறனும் ஒன்று ஏற மற்றது இறங்கும். இரண்டும் ஒருசேரக் குறைந்திருந்தால் தரம் மாறியது அல்ல, தயாரிப்பே கெட்டது. கடினம் இறங்காமல் தாங்குதிறன் மட்டும் இறங்கியிருந்தால் காபன் குறைந்து ஈட்டா என்ற நொறுங்கும் பகுதி உண்டாகியிருக்கலாம். 10 சதவீதப் பொட்டாசியம் ஐதரொட்சைட்டும் 10 சதவீதப் பொட்டாசியம் பெரிசயனைட்டும் சேர்ந்த முரகாமி கரைசலை மினுக்கிய முகத்தில் இரண்டு மூன்று விநாடி வைத்துக் கழுவினால் ஈட்டா இருந்த இடம் கறுத்துத் தெரியும். கையுறையும் கண்ணாடியும் போடுங்கள், பக்கத்தில் அமிலம் எதுவும் இருக்கக் கூடாது.

எண் சரியாக வந்தும் முனை உடைகிறதென்றால் முனையை விட்டுவிட்டு ஒட்டிய இடத்தைப் பாருங்கள். குவாரியில் பாவிக்கும் உளித்துளைக் கம்பியில் காபைட் தகட்டைப் பித்தளையால் பற்றவைத்திருப்பார்கள். உருக்கு ஆறும்போது காபைட்டைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு சுருங்கும், அந்த இழுவை தகட்டுக்குள் நிற்கும். பற்றவைத்த கம்பியைத் தண்ணீரில் முக்கி ஆற்றுகிற பழக்கம் இருந்தால் உடைவுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. உலர்ந்த சுண்ணாம்புத் தூளுக்குள் புதைத்து, கையால் தொடலாம் என்றாகும்வரை விட்டுவிடுங்கள்.